நீர்க்கடுப்பைக் கேட்பார் யார்?

சித்திரை வெயிலில் பருத்திக் காட்டில் களை எடுக்கும் பெண்கள், மதியச் சாப்பாட்டுக்கு வரப்பில் உட்காரும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சோறு தொண்டையில் இறங்க இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள். அதற்கு மேல் குடிக்க மாட்டார்கள். கொண்டுவந்த தூக்குவாளியில் பாதித் தண்ணீர் அப்படியே வீடு திரும்பும். ஏன் என்று கேட்டால், “குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்க எங்க போறது?” என்றுதான் பதில் வரும். சுற்றிலும் முழங்கால் உயரச் செடி. மறைவுக்கு ஒரு கருவேல மரம்கூட இல்லை. எதிரே தார்ச்சாலையில் வண்டிகள் போய்வந்தபடி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு சிறுநீர் மஞ்சள் கரைத்த நிறத்தில் சொட்டுச்சொட்டாகப் போகும், எரியும். நீர்க்கடுப்பு என்று சொல்லிவிட்டு, மோரில் ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கிப் படுப்பார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடியும் அதே காடு.

நம் ஊரில் நீர்க்கடுப்பை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. சூடு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கடல் கடந்து, நிகரகுவா நாட்டின் கரும்புக் காடுகளில் இதே எரிச்சலுக்கு ‘சிஸ்டாட்டா’ என்று பெயர். அங்கேயும் அதைப் பெரிதுபடுத்தாமல்தான் இருந்தார்கள். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை விழுங்கினார்கள். மருத்துவர்கள் சிறுநீர்த் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். சோதித்துப் பார்த்தபோது பலருடைய சிறுநீரில் கிருமியே இல்லை. சிச்சிகல்பா நகரை அடுத்து ‘லா இஸ்லா’ என்றொரு குடியிருப்பு உண்டு. தீவு என்று பொருள். முப்பது, நாற்பது வயது ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோக, அதை ‘விதவைகளின் தீவு’ என்று மக்கள் அழைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் அந்தப் பக்கம் திரும்பியது.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றதும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு என்ற இரண்டு காரணங்கள்தாம் நம் நினைவுக்கு வரும். அவை பெரிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்த இரண்டும் இல்லாத உழைப்பாளிகளின் சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டிருப்பதை மருத்துவர்கள் கால் நூற்றாண்டாகப் பதிவுசெய்து வருகிறார்கள். அந்தப் பதிவுகளை நாம் எப்படி வாசிப்பது, வாசித்த பிறகு யார் என்ன செய்வது என்பதைப் பற்றிப் பொதுவெளியில் ஓர் உடன்பாடு தேவைப்படுகிறது.

ஒரே நோய், நான்கு நிலங்கள்

எல் சால்வடார் தலைநகரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு வந்த முற்றிய சிறுநீரக நோயாளிகளைக் கணக்கெடுத்த மருத்துவர்கள், 2002இல் ஒரு புதிரை எழுதிவைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. அவர்களில் பலர் கடலோரத் தாழ்நிலங்களில் வேலை பார்த்த ஆண்கள்.

அதற்கும் முன்பே, 1990களில், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் இதே புதிர் தலைகாட்டியிருந்தது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, ஊவா மாகாணத்தின் கிராந்துருக்கோட்டை என்று குளத்துப் பாசனத்தை நம்பிய ஊர்களில் நெல் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக நோயாளிகளானார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் இந்த நோயைக் கண்டது. வவுனியாவின் தமிழ்க் கமக்காரர்களும் இதற்குத் தப்பவில்லை. அங்கே ‘கிட்னி வருத்தம்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

நமக்கு இன்னும் பக்கத்தில், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற பகுதி இருக்கிறது. தென்னையும் முந்திரியும் சூழ்ந்த, பார்வைக்குக் குளிர்ச்சியான கடலோரம். கவிட்டி, சோம்பேட்டா, பலாசா வட்டாரங்களில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதாக அங்கு நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம், பலாசாவில் 200 படுக்கைகளோடு சிறுநீரக ஆராய்ச்சி மருத்துவமனை, 700 கோடி ரூபாயில் ஆற்றுநீரைக் குழாய்வழி கொண்டுவரும் குடிநீர்த் திட்டம் என்று அம்மாநில அரசு இறங்கி வேலை செய்ய வேண்டிவந்தது. மருத்துவமனையும் குடிநீர்த் திட்டமும் திறக்கப்பட்டது 2023 டிசம்பரில். நோய் கண்ணில் பட்டதற்கும் குழாயில் தண்ணீர் வந்ததற்கும் இடையில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

நான்காவது நிலம் நம்முடையது. 2023இல் தமிழ்நாட்டின் பல வேளாண் மண்டலங்களைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்ட வயல் தொழிலாளர்களைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் சர்க்கரையோ கொதிப்போ வேறு அறிந்த காரணமோ இல்லை. ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளம் உள்ளிட்ட பணியிடங்களில் பல ஆண்டுகளாக வெப்பத்தை அளந்து வருகிறார்கள். உப்பளத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. உத்தானத்தின் அளவுக்கு நாம் போகவில்லை. போகும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கூண்டில் நிற்பவர்கள்

மருத்துவ ஏடுகளில் இதற்கு ‘காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று பெயர். சந்தேகத்தின் பேரில் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் பலர். கடுமையான வெப்பத்தில் திரும்பத் திரும்ப உடல் வறண்டுபோவது, நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் ஃபுளோரைடும், பூச்சிமருந்து, களைக்கொல்லி, காட்மியம் போன்ற உலோகங்கள், சிலிக்கா, வலிமாத்திரை, மரபணு. ஒவ்வொன்றுக்கும் சாட்சி உண்டு; ஒவ்வொன்றுக்கும் குறுக்கு விசாரணையும் உண்டு.

வெயில்தான் காரணம் என்றால், அதே வெயில் காயும் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் வடமத்திய மாகாணத்தின் அளவுக்கு நோய் ஏன் இல்லை? தண்ணீர்தான் என்றால், மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களின் உடலில் ஒரே ஓர் அறுவடைப் பருவத்துக்குள் திறன் சரிவது எப்படி? வடமத்திய மாகாணத்திலேயே ஊற்றுநீர் குடிக்கும் குடும்பங்களில் நோய் குறைவு என்ற கவனிப்பும் இருக்கிறது. ஒரு நிலத்தில் முதற்காரணமாக இருப்பது இன்னொரு நிலத்தில் துணைக்காரணமாக இருக்கலாம். வறண்ட உடலில்தான் தண்ணீரின் நஞ்சும் மருந்தின் நஞ்சும் செறிந்து நிற்கின்றன என்பதால், இவை ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கவும் கூடும்.

ஆய்வுகளை ஒப்பிடுவதிலும் சிக்கல் இருந்தது. ஒருவர் படியில் அளக்க, இன்னொருவர் மரக்காலில் அளந்தால் விளைச்சலை எப்படி ஒப்பிடுவது? அதற்காகவே, லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த நீல் பியர்ஸ், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பென் கேப்ளின் போன்றோர் பல நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வறிய மக்களின் சிறுநீரகத் திறனை எல்லா நாடுகளிலும் ஒரே முறையில் அளக்கும் ‘டிகிரி’ என்ற ஆய்வுநெறியை வகுத்தார்கள். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாமல், ஊருக்குள் போய்ப் பொதுமக்களிடம் இரத்தம் எடுத்து அளப்பது அதன் அடிப்படை. மருத்துவமனைவரை வர முடியாதவர்கள்தாம் இந்த நோயின் பெரும்பகுதி என்பதால் இது வெறும் தொழில்நுட்பத் திருத்தமாக நின்றுவிடவில்லை. எண்ணப்படாதவர்களை எண்ணத் தொடங்கியது இங்கேதான்.

காரணம் உறுதியாகும் முன் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையே பாடம். பொலன்னறுவை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியானதும், 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லிக்குத் தடை வந்தது. தேயிலைத் தோட்டக்காரர்களின் முறையீட்டால் 2018இல் தளர்ந்தது. பிறகு முழுதாகவே நீங்கியது. 2021இல் கோத்தபய ராஜபக்ச ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்தியபோது அதற்குச் சொன்ன காரணங்களில் சிறுநீரக நோயும் ஒன்று. விளைச்சல் விழுந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இரண்டு முறையும் அடி வாங்கியது, நோயைச் சுமந்துகொண்டிருந்த அதே விவசாயிதான். அவசரத் தீர்ப்பும் அவனைத்தான் தாக்கும். “ஆய்வு முடியட்டும்” என்ற ஒத்திவைப்பும் அவனைத்தான் தாக்கும்.

எல்லோரும் ஒப்புக்கொள்வது

நிபுணர்கள் சண்டையிடும் இடத்தில் பொதுமக்கள் கட்சி சேர வேண்டியதில்லை. அவர்கள் ஒத்துப்போகும் இடத்திலிருந்து நாம் தொடங்கலாம். அப்படி ஒத்துப்போகும் இடங்கள் குறைவல்ல.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, அதில் ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றி, மிச்சத்தை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. உடம்பில் தண்ணீர் குறையக் குறைய இந்த வேலையின் பளு ஏறும். வியர்த்துக்கொட்டி, தசை களைத்து, இரத்தம் சுண்டிய நிலையில் சிறுநீரகத்துக்கு ஒரு சின்னக் காயம் ஏற்படுகிறது. ஒருநாள் ஓய்வில் அது ஆறிவிடும். ஆறுவதற்குள் அடுத்த நாள் வெயில் வந்துவிட்டால்? பத்து வருடம் அப்படியே வந்துகொண்டிருந்தால்? ஆறாத காயம் தழும்பாகிறது. தழும்பான திசு வடிக்காது. இதுதான் வெப்பம் பற்றிய ஆய்வாளர்கள் முன்வைக்கும் கதை. மற்ற காரணங்களை வலியுறுத்துகிறவர்களும், உடல் வறட்சி கேட்டைக் கூட்டும் என்பதை மறுப்பதில்லை.

வலிமாத்திரை விஷயத்திலும் கருத்து வேறுபாடு கிடையாது. நாள் முழுக்கக் குனிந்த முதுகு இரவில் வலிக்கும். டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் மாத்திரை கிடைக்கும். டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம். வலி மிகுந்தால் கிளினிக்கில் ஓர் ஊசி. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போதாவது ஒரு மாத்திரை பெரிய கேடு செய்யாது. வறண்ட உடலோடு மறுபடியும் வெயிலில் இறங்குபவருக்குத் தினமும் ஒன்று என்பது வேறு கதை.

மூன்றாவது, நோயைக் கண்டுபிடிக்கும் முறை. சர்க்கரையால் வரும் சிறுநீரகக் கேட்டில் சிறுநீரில் புரதம் போகும், நுரைக்கும், காலில் வீக்கம் வரும். இந்த நோய் அப்படிக் குறி காட்டுவதில்லை. தொடக்கத்தில் புரதம் அதிகம் போகாது. அதனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். அதுவும், கிரியாட்டினின் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்போது சிறுநீரகத் திறனில் பாதி போயிருக்கக்கூடும். முதல் சோதனையில் சந்தேகம் வந்தால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்துத்தான் நாள்பட்ட நோய் என்று உறுதிசெய்ய முடியும். கூலி வேலைக்காரரை மூன்று மாதம் கழித்து இரண்டாவது முறை வரவழைப்பது அந்தச் சோதனையைவிடப் பெரிய வேலை.

நான்காவது, இந்தக் கேடு பிறக்கும் முன்பே தொடங்கிவிடலாம். சிறுநீரகத்தின் வடிகட்டி அலகுகள், ஒன்றுக்குச் சராசரியாகப் பத்து லட்சம் அளவில், தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறந்த பின் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு இந்த இருப்பு குறைவு. பட்டினியோடு களை பறித்த தாயின் பிள்ளை, கையிருப்பு குறைந்த சிறுநீரகத்தோடு பிறந்து, வளர்ந்து, அதே காட்டில் இறங்குகிறான். அங்கன்வாடி முட்டையும் கர்ப்பிணிக்கான ஊட்டச்சத்தும் சிறுநீரகத் திட்டங்களே என்று சொன்னால் மிகையாகாது.

நிழலின் கணக்கு

என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு மத்திய அமெரிக்காவிலிருந்தே ஒரு விடை வந்திருக்கிறது. நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு ஆலைகளுடன் ஆய்வாளர்களும் தொழிலாளர் நலக் குழுக்களும் சேர்ந்து, தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தார்கள். இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடிய பந்தல், குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு, முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர். நிகரகுவாவில் இவை கூடக் கூட, அறுவடைக் காலத்தில் சிறுநீரகம் பழுதாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. எல் சால்வடாரில் ஓய்வுக்கு நேரம் விட்டதால் வெட்டிய கரும்பின் எடை குறையவில்லை, கூடியது. களைத்த கை மெதுவாகத்தான் வெட்டும் என்பது அனுபவசாலி மேஸ்திரிக்குத் தெரியாததில்லை.

நம் நாட்டில் இது புதுச் சிந்தனையும் அல்ல. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமே பணியிடத்தில் பாதுகாப்பான குடிநீர், குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று அட்டவணையில் எழுதிவைத்தது. எழுத்தில் இருந்த பந்தல் எத்தனை ஏரிக்கரைகளில் நின்றது என்பது வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முன்மாதிரி. ஆனால், வெயில் ஒரே நாளில் கொன்றால்தான் அது பேரிடர். பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு, ஒருவரை டயாலிசிஸ் படுக்கையில் கிடத்தி அதே வெயில் கொன்றால், அந்தச் சாவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இறப்புச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்றிருக்கும். பருத்திக் காடு என்றோ உப்புப் பாத்தி என்றோ இருக்காது.

ஆளுக்கொரு பங்கு

இந்த இடத்தில் யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்குவது எளிது. நிலக்காரர் தண்ணீர் வைக்கவில்லை, அரசு கண்டுகொள்ளவில்லை, தொழிலாளி உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை. மூன்றிலும் உண்மை இருக்கிறது, மூன்றும் பாதிதான். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, தானும் அதே வெயிலில்தான் நிற்கிறார். உரக்கடைப் பாக்கி, டிராக்டர் வாடகை எல்லாவற்றுக்கும் நடுவில் கழிப்பறைக்கும் பந்தலுக்கும் அவரைத் தனியாகச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை. தொழிலாளியிடம் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் குடி என்று அறிவுரை சொல்லிவிட்டு, ஒதுங்க இடம் கொடுக்காமல் போவதும் நியாயமில்லை. இது பகிர்ந்துகொண்டால் மட்டுமே தூக்கக்கூடிய சுமை.

பெரிய நிலக்காரர்களும், உப்பளக் குத்தகைதாரர்களும், கரும்பு ஆலைகளும் தங்கள் பணியிடத்தில் நான்கு கம்பும் பச்சை வலையும் கொண்ட ஒரு பந்தல், மூடிய குடிநீர்த் தொட்டி, பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள மறைப்பு ஆகியவற்றைக் கூலிக் கணக்கின் ஒரு பகுதியாகவே எழுத வேண்டும். சிறு விவசாயிகளுக்கு இதை உழவர் உற்பத்தியாளர் குழுவோ ஊராட்சியோ செய்து தரலாம். மருந்து தெளிப்பானும் களையெடுக்கும் கருவியும் வாடகைக்குப் போகும் ஊரில், மடக்கி எடுத்துச்செல்லும் ஒரு பந்தலும் மறைப்பும் காட்டுக்குக் காடு போக முடியாதா? ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசும் இடங்களில் மேஸ்திரியின் பொறுப்பு பெரியது. ஒப்பந்தக் கூலி ஓய்வைத் தண்டிக்கிறது. விடியலிலேயே தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் கரையேறிவிட்டு, தேவைப்பட்டால் சாயங்காலம் இறங்கும் வேலை ஒழுங்கைப் பேசித் தீர்மானிக்கலாம்.

அரசின் பங்கு இதற்கு அடுத்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கு மாத்திரையும், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்த வலையிலேயே வயல், உப்பளம், செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின் சோதனையைச் சேர்ப்பது எட்டாத காரியம் அல்ல. கோடைக்கு முன் ஒன்று, கோடை முடிந்து ஒன்று என்று பார்த்தால் இன்னும் நல்லது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. பல்லுக்கும் எலும்புக்கும் என்று எடுத்த அந்த அக்கறை சிறுநீரகத்துக்கும் நீளலாம்.

காசே செலவாகாத ஒரு திருத்தமும் உண்டு. அரசு மருத்துவமனையின் நோயாளிச் சீட்டில் தொழில் என்ற கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதில் ‘கூலி’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் உப்பளம், கரும்பு வெட்டு, சூளை, சாலைத்தார், பட்டாசு எல்லாம் மறைந்துபோகின்றன. என்ன கூலி, எத்தனை வருடமாக, வெயிலிலா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்டு எழுதினால், ஐந்தே வருடத்தில் தமிழ்நாட்டின் சிறுநீரக வரைபடம் தானாகவே உருவாகிவிடும்.

மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் வலி ஊசியைக் கையில் எடுக்கும்முன், இந்த உடம்பு நாளைக்கு எங்கே நிற்கப்போகிறது என்று ஒருகணம் யோசிக்கலாம். “ஊசி போட்டாத்தான் வேலைக்குப் போக முடியும்” என்று வற்புறுத்தும் தொழிலாளியின் நெருக்கடி உண்மையானது. அதனால்தான் பதில் மருந்துச் சீட்டில் மட்டும் இருக்க முடியாது. ஒருநாள் ஓய்வுக்கான கூலியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால வேலையிழப்புக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கப்படுகிறது. மழையால் வேலை போகும் என்று ஒப்புக்கொண்ட அரசு, உச்சி வெயிலாலும் போகும் என்று ஒப்புக்கொள்வது அடுத்த படி.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் போட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் முடிவை வந்து சொல்லவில்லை என்ற குறை, ஆய்வு நடந்த ஊர்களில் அடிக்கடி கேட்பது. கட்டுரை ஆங்கில ஏட்டில் வருகிறது. கை நீட்டியவருக்கு ஒரு தாள்கூட வருவதில்லை. ஒவ்வோர் ஆய்வின் நிதியிலும், முடிவை அந்த ஊரின் மொழியில், அந்த ஊரின் மரத்தடியில் சொல்வதற்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். மக்களும் வெறும் மாதிரிகளாக இருக்கத் தேவையில்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு மஞ்சளாகும், எந்த மருந்து அடித்த வாரம் தலை சுற்றும், எந்தப் பருவத்தில் கடுப்பு அதிகம் என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.

தொழிலாளிகளின் பங்கும் இருக்கிறது. உடல் தாகம் சொல்லும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது, நீராகாரமும் மோரும் பானைக்குத் திரும்புவது, சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பது, கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் வெந்தயத்தோடு நிறுத்தாமல் இரத்தச் சோதனைக்குப் போவது. இதையெல்லாம் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசலாம். கூச்சத்தால் பேசாமல் விட்ட பேச்சுதான் இந்த நோய்க்கு இத்தனை வருடம் இடம் கொடுத்தது.

சமைக்கும் அரிசியிலும் உப்பிலும் டீயில் போடும் சர்க்கரையிலும் யாருடைய தண்ணீர் வற்றியிருக்கிறது என்று அறிந்துகொள்வது நம் எல்லோருடைய பங்கு. நிழலுக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவு விலையில் சில காசுகளாக ஏறினால், அதை முணுமுணுக்காமல் கொடுப்பதும் நம் பங்கு.

மே முதல் நாள்

2025 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை வரலாற்றில் முதன்முறையாகச் சிறுநீரக நலனுக்கென்று தீர்மானம் நிறைவேற்றியது. அதை முன்னெடுத்த நாடு குவாத்தமாலா. மத்திய அமெரிக்காவின் கரும்பு நாடுகளில் அதுவும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அடி வாங்கிய நிலத்திலிருந்துதான் குரல் எழும்பியது.

நமக்கு ஜெனீவாவரை போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். இன்னொன்று மே 1, உழைப்பாளர் நாள். தண்ணீரும் உழைப்பும், ஒரே கோடைக்குள். மார்ச் கூட்டத்தில் ஊரின் பணியிடங்களைப் பட்டியலிடலாம்: எந்தக் காட்டில் எத்தனை பேர், அருகில் குடிநீர் எங்கே, ஒதுங்க இடம் எங்கே. மே கூட்டத்துக்குள் பந்தலும் தொட்டியும் மறைப்பும் எங்கெங்கே வந்தன என்று கணக்குக் கேட்கலாம். நிலக்காரரும் கூலிக்காரரும், ஊர் செவிலியரும் ஆசிரியரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரும் கூட்டம் அது. ஆய்வு முடிந்து காரணம் உறுதியாகும் நாளில், அது தண்ணீர் என்றாலும் வெயில் என்றாலும் மருந்து என்றாலும், இன்று வைத்த நிழலுக்காக யாரும் வருந்தப்போவதில்லை.

அந்தக் கூட்டத்தின் வெற்றியை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அடுத்த சித்திரையில் களையெடுத்துத் திரும்பும் பெண்களின் தூக்குவாளியை வாங்கி ஆட்டிப் பார்த்தால் போதும். காலியாக இருக்க வேண்டும்.